எண்ணி அடிக்கிற சார்

வயசுக்கு வந்த பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் கை நீட்டாமல் எப்படித் திருத்துவது என்று இப்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு என் பழைய கதை தெரியாது. தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எழுபதுகளில் காரைக்காலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். கணக்கைவிட என் பிரம்புக்குத்தான் ஊரில் பெயர் அதிகம். அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தப் பிள்ளையை அடிக்க மனசு வராத அப்பன்மார் அவனை வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிவந்து, வாத்தியாரை அடிக்கச் சொல்வார்கள். பள்ளியில் செய்த தப்புக்கு இல்லை, வீட்டில் செய்த தப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் கேட்டுக் கதவு சத்தம் கேட்கும். அப்பன் முன்னால், பையன் பின்னால். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." இதுதான் எல்லாரும் சொல்வது. சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்கள்.

நான் கண்ணையும் விட்டேன், தோலையும் விட்டேன். எனக்கென்று ஒரு முறை இருந்தது. பையனை விசாரிப்பேன். கையை நீட்டச் சொல்வேன். நாலு. பெரிய தப்பு என்றால் ஆறு. ஆறைத் தாண்டியதில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணித்தான் போடுவேன். கணக்கு வாத்தியார் அல்லவா, அதில் எனக்கு ஒரு பெருமை. கோபத்தில் அடிக்கிறவன் மிருகம், எண்ணி அடிக்கிறவன் ஆசிரியர் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சில பேர் வெள்ளிக்கிழமையிலும் வந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று என் மனைவி அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். மற்ற ஆறு நாளும் கேட்கலாமா என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

யாரும் வெறுங்கையோடு வந்ததில்லை. முருங்கைக்காய், கத்தரிக்காய், ஒரு படி பச்சைப்பயறு, கீற்றில் சுற்றிய வெற்றிலை. நான் கேட்டு வாங்கியதில்லை. கொடுத்ததை வேண்டாம் என்றும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என் வீட்டில் காய் வாங்குகிற வழக்கமே நின்றுபோனது.

இப்படி வந்தவர்களில் சுரக்குடிக்காரர் ஒருவர். நெல் விவசாயம், இரண்டு மா நிலம் சொந்தம், மீதி குத்தகை. ஒரே பையன், அவனுக்குப் பதினாறு வயசு. ஒரே வருஷத்தில் மூன்று தடவை கூட்டிவந்தார். மூன்று தடவையும் புகார் ஒன்றுதான். "வாயாடுறான் சார்." மூன்று தடவையும் நாலு நாலு போட்டேன். மூன்று தடவையும் புடலங்காய் வந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். நாம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். வலது தோளை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி நிற்பார். கொஞ்சம் திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன். நான் உள்ளே எண்ணிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடியில் பக்கவாட்டில் நின்று ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார். காதுவலி போலிருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே பெண். அவளை நான் தொட்டதில்லை. தொடவேண்டிய அவசியம் வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன். பத்தாம் வகுப்பு வந்ததும் அவளுக்கு வாய் முளைத்தது. ஒன்று கேட்டால் ஒன்பது பதில். அம்மா தாவணியைச் சரியாகப் போடச் சொன்னால், "நீ மொதல்ல உன் கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு" என்பாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். என்னிடம் அந்த வாய் நீளாதவரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

சுரக்குடிப் பையன் மூன்றாம் முறை அடி வாங்கிப் போன ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவி புடலங்காய்க் கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள். என் பெண் தட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"இது எந்தப் பையனோட கைம்மா?"

மனைவிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"என்ன சொன்ன?" என்றேன்.

"அடிச்சதுக்குக் கூலியா காய் வாங்குறியே, எப்படிப்பா உனக்கு எறங்குது? அவங்கவங்க புள்ளைய அடிக்க அவங்களுக்கே மனசு வரல. நீ என்ன, அவங்களுக்கு அடியாளா?"

அடியாள்! இருபது வருஷ சர்வீஸ், பார்க்கிறவன் எல்லாம் எழுந்து நிற்கிற மரியாதை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என் பெண் எனக்குக் கொடுத்த பட்டம் அது. என் கை தானாக மேலே போனது. மேலேயே நின்றது.

"நாலு போடுங்க!" என்று மனைவி கத்தினாள். "செல்லம் குடுத்துக் குடுத்துத் தலைக்கு மேல ஏறி உக்காந்திருக்கா!"

கை இறங்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு நாலும் ஆறும் எண்ணிய கை ஒன்றுகூட எண்ண மாட்டேன் என்றது. வாசலில் போய் நிற்கிற அப்பன்மாருக்கு என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன்.

"இனிமே இந்த வீட்டுல என்கிட்ட பேசணும்னா மரியாதையாப் பேசணும். இல்லன்னா பேசவே வேண்டாம்!"

அவளும் எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"சரிங்க சார்," என்றாள்.

ஒரு நாள் கூத்து, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில், "சார், காப்பி." சாயங்காலம், "சார், உங்களுக்கு ஒரு தபால் வந்திருக்குங்க." நான் கூடத்துக்குள் நுழைந்தால் எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தாள். என் அறைக்குள் வர, "உள்ள வரலாமா சார்?" என்று வாசற்படியில் நின்று அனுமதி கேட்டாள். கணக்கு சொல்லிக்கொடுத்தால், "புரிஞ்சுதுங்க சார்" என்று நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு கணக்குக்கும் என்னோடு சண்டை போடுகிற பெண் அவள்.

முதல் இரண்டு நாள் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது வாரம் அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வது? மரியாதைக் குறைவுக்குத் தண்டனை எனக்குத் தெரியும். மரியாதை கூடிப்போனால் என்ன தண்டனை? ரேடியோவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "நல்லதுங்க சார், படிக்க வசதியா இருக்கும்." மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பஜாரிலிருந்து அவளுக்குப் பிடித்த அல்வா வாங்கிவந்தேன். "தேங்க்ஸ் சார்" என்று வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பதினைந்து வருஷமாகக் காது புளிக்கப் புளிக்கக் கேட்ட ஒரு சொல். அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயந்துபோனேன். இவள் இப்படியே படித்து, இப்படியே கல்யாணம் ஆகி, "போய்ட்டு வர்றேங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

"எங்கண்ணனக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாங்க," என்றாள் மனைவி. அவள் அண்ணன் எங்கள் பெண்ணின் பக்கம்தான் பேசுவார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்தேன். ஊரில் எல்லாரும் என்ன செய்கிறார்கள்? தன் பிள்ளையைத் தன்னால் திருத்த முடியவில்லை என்றால் இன்னொருவரிடம் கூட்டிப்போகிறார்கள். நானும் கூட்டிப்போகிறேன். யாருடைய பையனுக்காக இவள் பரிந்து பேசினாளோ அந்த மனுஷனே சொல்லட்டும், அந்தக் காய் கூலியில்லை, வாத்தியார் மேல் உள்ள அன்பினால் கொடுத்தது என்று. அதற்குப் பிறகு இவள் வாய் எப்படித் திறக்கும் என்று பார்க்கலாம்.

"கெளம்பு. காய் கொடுத்தவரையே போய்க் கேப்போம்," என்றேன்.

"சரிங்க சார்," என்றாள்.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. திருநள்ளாறு பஸ்ஸில் முந்தின நாளின் சனீஸ்வரன் கோயில் கூட்டம் இல்லை. எனக்குப் பக்கத்து இடம் காலி. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன். "சார் பக்கத்துல எப்படிங்க சார் உக்கார்றது?" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் நல்ல பெண் என்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஸ்டூடண்டா சார்!" என்றான். எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சுரக்குடியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அறுப்பு முடிந்த வயல்களில் பயறு பச்சைப்பசேல் என்று கிடந்தது. பையன் வீட்டுப் பக்கவாட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டினான். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக் கட்டினான். என் பெண் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பையனின் அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். பையனின் அம்மா மோர் கொண்டுவந்தார்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் வழக்கம்போல வலது தோளைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

திரும்பவும் சொன்னேன். பாதிதான் விளங்கியது போலிருந்தது. என் பெண்ணைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, நம்ம காயி கசந்துச்சா?"

அவள் அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றாள். அந்தப் பக்கம் போகவேண்டும் என்று மூன்று தடவையில் எனக்குத் தோன்றாதது அவளுக்கு மூன்று நிமிஷத்தில் தோன்றியது. சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கசக்கலைங்க. உங்க பையன அடிச்சதுக்குக் கூலி அதுன்னு சொன்னேன். எங்கப்பாவ அடியாள்னு சொன்னேன். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"எங்கப்பா" என்று சொன்னதை நான் கவனித்தேன். அதை என்னிடம் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

அந்த மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டார்.

"கூலியில்ல பாப்பா. வாத்தியாருக்குக் கூலி குடுக்க நாம யாரு? நான் அடிச்சா கை நிக்காது. அதான்."

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"எங்கப்பாரு கை நிக்காது. எனக்கு அப்ப பதினாலு வயசு. மாட்டப் பயறு வயல்ல மேய விட்டுட்டேன். வீட்டுக்கு வந்தாரு, அறை மேல அறை. அன்னிக்குப் போனதுதான் இந்தக் காது. வேணும்னு செஞ்சாருங்கிறீங்களா? இல்ல. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது அவருக்கு. எனக்கும் அதே கைதான். இவன் என்னயச் செவுடு செவுடுங்குறப்ப கை பரபரங்குது. அந்த நேரத்துல இவன இழுத்துக்கிட்டு பஸ் ஏறிடுவேன். சார் எண்ணி அடிப்பாரு. நாலுன்னா நாலு. அதுக்கு மேல போவாது."

விசாரித்துவிட்டுத்தான் அடிப்பேன் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். "வாயாடுறான்" என்று அவர் மூன்று தடவை சொன்னபோது, என்ன வார்த்தை என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

பையன் இன்னும் கையைக் கட்டிக்கொண்டே நின்றான். அவன் குரல் கரகரவென்று வந்தது.

"அப்ப நீ மரத்தடியில காதப் பொத்திக்கிட்டு நிக்கிறது?"

"என்னடா?"

"மரத்தடியில! காதப் பொத்திக்கிட்டு நிப்பியே!"

"அதுவா," என்றார். "நல்ல காதப் பொத்திக்குவேன். நீ கத்துறது கேக்கக் கூடாதுல்ல."

அவன் கீழே உட்கார்ந்து பம்பை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தான். டியூபை இன்னும் டயருக்குள் போடவில்லை. வெறும் டியூபுக்கே அடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா, "போதும்டா, வெடிச்சிடப் போவுது" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினான்.

புறப்படும்போது அவர் பழக்க தோஷத்தில் பந்தலுக்குப் போய் இரண்டு புடலங்காய் அறுத்துவிட்டார். அறுத்த பிறகு நினைப்பு வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பெண்ணைப் பார்த்துத் தயங்கினார்.

"குடுங்க," என்று அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் காயை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு நீளக் காயை வைத்துக்கொண்டு நிற்க முடியாதே, அதனால் உட்கார்ந்தாள் என்றும் சொல்லலாம். இறங்கும்போது, "சார், ஸ்டாப் வந்துடுச்சு" என்றாள். அன்று ராத்திரி அந்தக் கூட்டைச் சாப்பிட்டாள். ஆனால் நான் அவளுக்கு இன்னும் சார்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கேட்டுக் கதவு சத்தம் கேட்டது. இந்தத் தடவை ஓர் ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. பின்னால் பத்தாம் வகுப்புப் பையன், அவன் தோளில் ஒரு பூசணிக்காய். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு…" என்று ஆரம்பித்துவிட்டு அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"வெளியில போகாதீங்க," என்றேன். "இப்படி உக்காருங்க."

உட்கார்ந்தார். என் பெண் உள்வாசற்படியில் புத்தகத்தோடு நின்றிருந்தாள்.

"பையன் என்ன சொன்னான்?"

"எதிர்த்துப் பேசுறான் சார்."

"என்ன வார்த்தை சொன்னான்னு கேட்டேன். அப்படியே சொல்லுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். பையன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். அவர் பேனாவைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார்.

"செருப்பு அறுந்துபோச்சு, அடுத்த மாசம் வாங்கித் தர்றேன்னு சொன்னேன் சார். அதுக்கு… நீ சம்பாதிச்சுக் கிழிச்சேன்னான்."

கடைசி வார்த்தை அவருக்கு முழுதாக வரவில்லை. பையன் தன் வார்த்தையைத் தன் அப்பா வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை. அவன் காது மடல் சிவந்தது. கீழே பார்த்தான். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. என் பிரம்பு அலமாரிக்கு மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "சரி, போடுங்க சார்" என்றார்.

"ஆச்சுங்க. கூட்டிட்டுப் போங்க."

"ஆச்சா? இதுக்கா சார் வேகாத வெயில்ல வந்தோம்?" அவருக்கு நிஜமாகவே ஏமாற்றம். எழுந்தார். பூசணிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையனுக்கு ஜாடை காட்டினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வந்த காய் வந்த வழியே போயிற்று.

அந்தப் பையன் திருந்தினானா என்று கேட்காதீர்கள், தெரியாது. நானும் ஒரே நாளில் திருந்தி மகானாகிவிடவில்லை. பள்ளியில் என் பிரம்பு அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் மேஜையில் கிடந்தது. நாலைந்து தடவை எடுக்கவும் எடுத்தேன். எண்ணிக்கை ஒன்றோடு நின்றுவிடும். பிறகு எடுப்பதை விட்டேன்.

அந்தப் பூசணிக்காய் திரும்பிப்போன மத்தியானம் தட்டில் வெறும் ரசமும் அப்பளமும்தான். "பூசணிக்காய நம்பி வேற காய் வாங்கல," என்று மனைவி முகத்தைக் காட்டினாள். என் பெண் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குள் ஒரு சின்னக் கர்வம். பிரம்பைத் தொடாமல் ஒரு பையனை அழவைத்துவிட்டேனே. அவள் பாராட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"காலைல நடந்ததப் பாத்தியே. நான் செஞ்சது சரிதானே?"

அவள் அப்பளத்தை ஒடித்து ரசச் சோற்றில் போட்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போப்பா, ஒனக்கு ஒண்ணுமே தெரியல. அந்தப் பையனையும் ரெண்டு வார்த்தை பேச விட்டிருக்கணும்."

அடுக்களையிலிருந்து கரண்டியோடு மனைவி வந்தாள். "பாருங்க, பேச்சப் பாருங்க! பெத்த அப்பனுக்கு ஒண்ணும் தெரியாதாம்! வாயிலயே நாலு போடுங்க!"

நான் வலது தோளைத் திருப்பி, காதை என் பெண் பக்கம் கொண்டுபோனேன்.

"என்ன சொன்ன? சரியா காதுல விழல," என்றேன்.

அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.